எலி என்றால் எலிவேட்டர்

சிறுபோக அறுவடை முடிந்து நெல் லொறி லொறியாக வந்து இறங்கும் ஆகஸ்ட் மாதம். காலை 5.40க்குப் போன் அடித்தது. "தம்பி, கொம்பியூட்டர் நீலமாப் போச்சு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். தம்பலகாமம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பொதி கட்டும் பகுதியை ஓட்டுகிற அண்ணன் அவர். அதிகம் கதைக்க மாட்டார். அவருடைய இந்தக் குணத்தால் பிறகு எனக்கு அரை நாள் வீணானது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் திருகோணமலை நகரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ஆலைகள், ஐஸ் தொழிற்சாலைகள் என்று ஏழெட்டு இடங்களின் கொம்பியூட்டர் வேலைகளைப் பார்க்கிறேன். அதற்கு முன்பு அலுவலகங்களில்தான் வேலை. அங்கே ஒரு கொம்பியூட்டர் படுத்தால் ஒருவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். ஆலையில் ஒன்று படுத்தால் தராசடியில் ஆறு பேர் சும்மா நிற்பார்கள், வாசலில் லொறி நிற்கும், மேலே தொட்டியில் அரிசி நிரம்பிக்கொண்டே வரும். தொட்டி நிரம்பினால் ஆலை முழுவதையும் நிறுத்த வேண்டும்.

கண்டி வீதியால் சீனக்குடாத் திருப்பத்தைத் தாண்டி, பாலம்போட்டாறு தாண்டிப் போவதற்குள் கச்சான் காற்று முகத்தில் அடித்தே களைத்துவிட்டேன். அந்த நேரத்திலும் அது சூடாகத்தான் இருந்தது.

அங்கே இருப்பது இதுதான்: நான்கு தராசுத் தலைகள். ஒவ்வொன்றுக்கும் நிறை காட்டும் ஒரு சிறு பெட்டி. நாங்கள் இண்டிகேட்டர் என்போம். நான்கும் ஆர்எஸ்-485 என்ற இரு கம்பித் தொடர்பு வயர் ஒன்றிலேயே தொடராகக் கோர்க்கப்பட்டு, மூலையில் உள்ள கொம்பியூட்டருக்கு வருகின்றன. கொம்பியூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி. அதில் ஓடும் திரை மென்பொருளில்தான் எந்தத் தலையில் 5 கிலோ, எதில் 10, எதில் 25 என்று கொடுப்பார்கள். எத்தனை பை போனது என்ற கணக்கும் அதில்தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் அலுவலகத்து நண்பர்கள் சிரிப்பார்கள். தராசுக்கு அந்தத் திகதி தெரியாது. அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை, உரிமம் சாவி மாதிரிச் செருகிவைக்கும் ஒரு யூஎஸ்பி டொங்கிளில் இருக்கிறது, நிறுவும் சீடி எங்கே என்று மனேஜருக்கும் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பொடியன் பென் டிரைவுடன் தயாராக நின்றான். "அண்ணா, விண்டோஸ் திரும்பப் போட்டால் சரி, ஒரு மணித்தியாலம்." நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். அந்த ஒரு மணித்தியாலத்தை அவனுக்குக் கொடுத்திருந்தால் ஆலை ஒரு மாதம் நின்றிருக்கும். பென் டிரைவை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

நீலத்திரையின் கடைசியில் 7பி என்று முடியும் எண். எக்ஸ்பியோடு பழகியவர்களுக்கு இது பழைய சொந்தக்காரன் மாதிரி: விண்டோஸ் எழும்பத் தொடங்கிவிட்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்க்கையே அதனால் பார்க்க முடியவில்லை. டிஸ்க் செத்திருக்கலாம். ஆனால் டிஸ்க் செத்தால் பெரும்பாலும் இந்த இடம் வரைக்கும் வராது. விண்டோஸுக்கு முன்பே எழும்பும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனேன். திகதி 2009 ஜனவரி 1.

முதல் நாள் இரவு கரண்ட் போயிருக்கிறது. வழக்கமாக ஜெனரேட்டர் போடுவார்கள், அன்றைக்கு இரவு வேலை இல்லாததால் போடவில்லை. யுபிஎஸ்ஸின் பற்றறி எப்போதோ செத்துவிட்டது. பெட்டி மட்டும் அலங்காரத்துக்கு நிற்கிறது. ஆகவே பல மணித்தியாலம் கொம்பியூட்டருக்குச் சொட்டு மின்சாரம் இல்லை. அப்படியான நேரத்தில் பயாஸின் நினைவைக் காப்பாற்றுவது மதர்போர்டில் உள்ள நாணயம் மாதிரியான சிஆர்2032 பற்றறி. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9. நினைவு அழிந்து, பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த அமைப்பில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்ற புதியது. எக்ஸ்பிக்குப் பிறவியிலேயே ஏஎச்சிஐ தெரியாது; இதை முதலில் பொருத்தியவர் ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றித்தான் விண்டோஸ் போட்டிருக்கிறார். அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஐடிஇ என்று மாற்றி, திகதியையும் நேரத்தையும் சரிசெய்து, சேமித்து வெளியே வந்தேன். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது. தராசடியில் நின்றவர்களில் ஒருவர் கை தட்டினார். நேரம் 7.50. புது பற்றறியைத் தம்பலகாமம் சந்தியில் ஒரு கடையில் வாங்கிவரச் சொன்னேன்.

இங்கே முடித்துக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எழும்பும்போது டிஸ்க் போட்ட சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இடைவேளையில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விபரங்களைப் பார்த்தால், வாசிக்கச் சிரமப்படும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்கள், 17. உடனே நிறுத்திப் பிரதி எடுக்க வேண்டும் என்றேன். மனேஜர் வாசலில் நின்ற லொறியைக் காட்டினார். நான் டிஸ்க்கைக் காட்டினேன். கடைசியில் மாலை ஆறு மணிக்குப் பொதி கட்டல் முடிந்த பிறகு என்று உடன்பாடு. அந்தப் பத்து மணித்தியாலமும் எனக்கு நெஞ்சு படபடத்ததை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

இரவில் டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியில் பூட்டி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் கொண்டு பிரதி எடுத்தேன். சாதாரணப் பிரதி மென்பொருள்கள் கெட்ட இடத்தில் முட்டி அங்கேயே நின்று தலையை இடிக்கும். அந்த இடியிலேயே டிஸ்க்கின் மிச்ச உயிரும் போய்விடும். டிடிரெஸ்கியூ முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துத் தாண்டிப் போகும். பிறகுதான் திரும்பி வந்து சுரண்டும். எங்கே விட்டது என்ற வரைபடத்தையும் ஒரு கோப்பில் வைத்திருப்பதால், இடையில் கரண்ட் போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நம் ஊருக்கென்றே செய்தது போல. 160 ஜிபி டிஸ்க்குக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் 12 கிலோபைட் மட்டும் கிடைக்கவில்லை. அது ஒரு பழைய அச்சியந்திர டிரைவரின் கோப்புக்குள் விழுந்திருந்தது. நல்ல காலம்.

பிரதியை 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் இறக்கினேன். எக்ஸ்பிக்கு எஸ்எஸ்டி சரிவராது என்று சிலர் சொல்வார்கள். அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை அதற்குத் தெரியாது, அதன் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்குவதால் எஸ்எஸ்டியின் அளவுகளோடு பொருந்தாது, இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு நாளைக்குச் சில மெகாபைட் மட்டும் எழுதும் இயந்திரத்தில் அந்தப் பொருத்தமின்மையை யார் உணரப் போகிறார்கள்? ஆடாத, அதிராத, சுழலாத ஒன்று அங்கே வேண்டும். இன்னொரு பிரதியைத் தனி டிஸ்க்கில் வைத்து, பொலித்தீன் பையில் சுற்றி மனேஜரின் இரும்பு அலுமாரிக்குள் வைத்தேன்.

கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்தபோது கண்டதையும் சொல்ல வேண்டும். தவிட்டுத் தூசியில் எண்ணெய் இருக்கிறது. தம்பலகாமக் குடாவிலிருந்து வரும் ஈரமும் உப்பும் அதோடு சேர்ந்தால் புட்டு மாவு போல அடையடையாக ஒட்டிக்கொள்கிறது. பவர் சப்ளைக்குள் காற்று போக வழியே இல்லை. அண்ணன் ஆலையின் கொம்பிரசர் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். கொம்பிரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் துளித்துளியாக வரும்; ஒரு முறை இன்னோர் இடத்தில் அதை அடித்து ஒரு மதர்போர்டைக் கொன்றவன் நான்தான். மெல்லிய தூரிகையும் சின்ன புளோவரும் போதும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது பம்பரமாகச் சுற்றிப் பெயரிங் போய்விடும்.

சரி, எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பவும் போன். இந்த முறை மனேஜர். மூன்றாம் தராசு திரையில் சிவப்பாகிறது, மென்பொருளை மூடித் திறந்தால்தான் வருகிறது, நீங்கள் டிஸ்க் மாற்றிய பிறகுதான் இப்படி என்றார். இந்தக் கடைசி வாக்கியம் எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்பது. நீ தொட்டாய், ஆகவே நீதான். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது, அதுதான் கரைச்சல். தராசு லைன் வந்து சேரும் போர்ட்டின் அமைப்பு ஏதும் மாறிவிட்டதா என்று பார்த்தேன். வேகம் 9600, பிழை பார்க்கும் முறை ஈவன் பாரிட்டி, எல்லாம் பழையபடியே.

அண்ணனிடம் எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டேன். பேசாமல் போய் ஒரு வெற்று அரிசிப் பையை எடுத்துவந்தார். அதன் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்:

6.10 எலி. 8.25 எலி. 11.40 எலி. 2.05 எலி.

அரிசி ஆலை. எலி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எலி ஓடும்போது வயரில் தொடுகை விடுகிறது என்று முடிவுகட்டி, டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு வயர் போகும் தட்டு முழுவதும் ஏறி இறங்கினேன். தகரக் கூரைக்குக் கீழே, ஆகஸ்ட் வெயிலில். எலிப் புழுக்கை நிறைய இருந்தது, கடித்த வயர் ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது அண்ணனிடம், "எலியை எந்தப் பக்கம் கண்டீங்கள்?" என்று கேட்டேன். சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. "எந்த எலி?"

எலிவேட்டர் ஓடத் தொடங்கும் நேரத்தைத்தான் மனிதர் எலி என்று சுருக்கி எழுதியிருக்கிறார். நெல்லையும் அரிசியையும் வாளி வாளியாக மேலே தூக்குகிற எலிவேட்டர். கிண்ணியாவிலிருந்து வரும் எலக்ட்ரீசியன் நானா அங்கேயே பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது.

ஆனால் அந்தப் பையில்தான் விடை முழுவதும் இருந்தது. நான்கு நேரமும் எலிவேட்டர் தொடங்கும் நேரம். நானா சொன்னார், அந்த மோட்டருக்கு முன்பு, இரண்டு கட்டமாகத் தொடக்கிவிடும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்தான் இருந்தது, மூன்று மாதத்துக்கு முன் அதைக் கழற்றி, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டர் டிரைவ் போட்டார்கள் என்று. டிரைவ் போட்டால் மோட்டர் மெதுவாக எழும்பும், பட்டி அறாது, கரண்ட் பில்லும் குறையலாம். ஆனால் அது மோட்டருக்கு அனுப்புவது சீரான அலை அல்ல; நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும் மின்னழுத்தம். கவசமில்லாத வயரில் அது போனால் அந்த வயர் ஒரு வானொலி நிலையம். எங்கள் ஆர்எஸ்-485 வயர் அதோடு ஒரே தட்டில், ஒரே கேபிள் டையால் சேர்த்துக் கட்டப்பட்டு, 12 மீற்றர் தூரம் கூடவே போகிறது.

அப்படியென்றால் மூன்று மாதமாக ஏன் தெரியவில்லை? அண்ணனிடம் கேட்டேன். "முந்தியும் வாறதுதான். மூடித் திறந்தா வரும்." யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் வந்து போன பிறகு, தம்பி பார்ப்பான் என்று நினைத்துத்தான் பையில் எழுதத் தொடங்கியிருக்கிறார். என் டிஸ்க் மீது இருந்த பழி அந்த இடத்தில் கழிந்தது.

வயரைத் தொட முன் ஓர் அளவை எடுத்தேன். ஆர்எஸ்-485 லைனின் இரு முனைகளிலும் மட்டும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். முனையில் மோதிய சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வராமல் இருக்க. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் இடையில் அளந்தால், இரண்டு 120 பக்கம் பக்கமாகச் சேர்ந்து சுமார் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் தடை இல்லை. எனக்குக் காட்டியது 41. "லைன் இன்னும் ஓம் சொல்லல்ல போல" என்றார் நானா. அவர் சாப்பாட்டுப் பகிடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

41 என்றால் மூன்று தடைகள். எங்கோ நடுவில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஒவ்வோர் இண்டிகேட்டரையும் திறந்து பார்த்தோம். இரண்டாம் தராசில் அகப்பட்டது. பழையது பழுதாகி எப்போதோ புதுப் பெட்டி பொருத்தியிருக்கிறார்கள், அதன் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் கடையிலிருந்து வரும்போதே தடையை 'போட்ட' நிலையில் வந்திருக்கிறது. அதை அணைத்ததும் மீற்றர் 61 என்றது. கூடுதல் தடை சிக்னலின் பலத்தைத் தின்றுகொண்டிருந்தது. டிரைவ் வராத காலத்தில் அந்த மெலிந்த சிக்னலே போதுமாக இருந்தது. டிரைவின் இரைச்சல் வந்ததும், முனைக்கு அண்மையில் இருந்த மூன்றாம் தராசின் குரல்தான் முதலில் அமுங்கிப் போனது.

சுவிட்சை அணைத்ததோடு பாதி குறைந்தது, முழுவதும் போகவில்லை. நான்காம் நாள் நானாவும் நானும் சேர்ந்து லைனைப் புதிதாக இழுத்தோம். கவசமிட்ட முறுக்கு வயர். மோட்டர் வயர்களிலிருந்து ஓர் அடி தள்ளி, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்கே நேர்கோணமாக. கவசத்தைக் கொம்பியூட்டர் பக்கத்தில் மட்டும் எர்த் செய்தோம். இரு பக்கமும் செய்தால் இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தில் கவசத்துக்குள்ளேயே மின் ஓடும் என்று நானா விடாப்பிடியாக நின்றார். லைனின் சிக்னலைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும், போர்ட்டிலிருந்தே சக்தி உறிஞ்சிக்கொண்டிருந்த பழைய கொன்வேர்ட்டரைத் தூக்கிவிட்டு, மின்சாரத் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் வகை ஒன்றைப் போட்டேன். அதைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மென்பொருளில் ஒரு தடவை பதில் வராவிட்டால் உடனே தராசு செத்தது என்று முடிவெடுக்கும் அமைப்பு இருந்தது. அதை மூன்று தடவையாக்கினேன்.

மனேஜருக்கு வேறொரு கவலை. இத்தனை நாள் நிறை பிழையாகப் போயிருக்குமா? நியாயமான கேள்வி, எங்கள் வேலையில் இதைக் கேட்காத மனேஜர்கள்தான் அதிகம். போயிருக்காது. அந்த லைனில் போவது மொட்பஸ், 1979இல் வந்த நெறிமுறை. ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். இரைச்சலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் ஒத்துவராது, செய்தி முழுவதும் குப்பைக்குப் போகும். அதைவிட முக்கியம், 10 கிலோ வந்ததும் அரிசி விழும் வாயை மூடுவது கொம்பியூட்டர் அல்ல, அந்தந்த இண்டிகேட்டர்தான். எண்ணிக்கையில் சில பைகள் விடுபட்டிருக்கும். நிறையில் ஒன்றும் இல்லை. அதையும் நம்பாமல் ஒரு பையைத் தூக்கித் தனித் தராசில் வைத்துப் பார்த்தார். 10.02 வந்தது. 20 கிராம் கூடப் போகிறதே என்று அதற்கும் முகம் சுளித்தார்.

கணக்கைத் தன் போனில் பார்க்க இந்தக் கொம்பியூட்டருக்கு இணையம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். மாட்டேன் என்றேன். 2017 மே மாதத்து வொன்னாக்ரை வைரஸ் மாதிரி ஒன்று திரும்ப வந்தால் இது நின்ற இடத்திலேயே போகும். தினக் கணக்கைத் தனியாக வேறு வழியில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அது இன்னும் செய்யவில்லை.

புறப்பட முன், பனல் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். பயாஸில் ஐடிஇ, பற்றறி மாற்றிய திகதி, 9600 ஈவன், நான்கு தராசுகளின் முகவரிகள், இரு முனையிலும் மட்டும் தடை, அளந்தால் 60. முன்பு ஒட்டியிருந்த தாளில் பாதியைப் பூச்சி தின்றிருந்ததால் இதைப் பொலித்தீனுக்குள் போட்டு ஒட்டினேன். அண்ணன் முழுவதையும் வாசித்துவிட்டு, கீழே தன் மார்க்கரால் புது யுபிஎஸ் பற்றறி வேண்டும் என்று எழுதினார். அதை நான் மறந்துதான் போயிருந்தேன்.

மூன்று கிழமை கழித்து, யுபிஎஸ் பற்றறியைக் கொண்டுபோனபோது அரிசிப் பை அதே ஆணியில் தொங்கியது. முன்பு எழுதியவற்றைக் கோடு போட்டு வெட்டியிருந்தார். புதிதாக ஒரே ஒரு வரி: 4.15 எலி.

வயிற்றுக்குள் ஏதோ செய்தது. நேரே டிரைவ் பெட்டிக்குப் போய்க் கதவைத் திறந்து, எர்த் வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, இது மெய்யான எலி. புது வயரைக் கடிச்சுப் போட்டுது. நானா இரும்புக் குழாய் போடுறார், அங்கால போய்ப் பாருங்கோ."